நர்ஸிங் சேரப்போகும் மகளுக்கு இப்போதே என்ன பழக்கலாம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போகிறாள். நர்ஸிங்தான் படிப்பேன் என்கிறாள். உடற்கூறியல் புத்தகம் இப்போதே வாங்கிக் கொடுக்கலாமா? டிபி (காசநோய்) வார்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது."

புத்தகம் வேண்டாம் அம்மா. எலும்பின் பெயரெல்லாம் முதல் வருடத்தில் வகுப்பிலேயே வந்துவிடும். பிள்ளைகள் தடுமாறுவது வேறு இடத்தில்.

அதற்கு முன் படிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு வருட உயர் சான்றிதழ் முடித்தால் துணை நர்ஸ். மூன்று வருட டிப்ளமோ முடித்தால் பொது நர்ஸ். நான்கு வருடப் பட்டம் என்றால் நர்ஸ், பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் இரண்டும் சேர்ந்து வரும். முடித்தபின் ஒரு வருடம் அரசு சுகாதாரத் துறையில் சமூகசேவைப் பணியும் உண்டு. மதிப்பெண் இருந்தால் பட்டத்துக்கே போகட்டும் என்பேன். எந்தக் கல்லூரியானாலும் தென்னாப்பிரிக்க நர்ஸிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலிடமே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். போலிக் கல்லூரிகளிடம் ஏமாந்த குடும்பங்கள் இந்த நாட்டில் நிறைய.

இப்போது பழக வேண்டியது கணக்கு. பெரிய கணக்கெல்லாம் இல்லை. 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் என்று டாக்டர் எழுதினால் 180 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருந்தால் கொடுக்க வேண்டியது 7.5 மில்லி. புள்ளி ஓரிடம் தள்ளினால் 75 மில்லி, பத்து மடங்கு. அப்புறம் டிரிப்: 1000 மில்லி, 8 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இதைக் கால்குலேட்டர் இல்லாமல் போடத் தெரிந்த பிள்ளை வார்டில் பதறாது.

அடுத்தது பார்ப்பதும் எண்ணுவதும். ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். எண்ணுகிறோம் என்று சொன்னாலே மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரலை வைத்தபடியே நெஞ்சைக் கவனித்து ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும். எண்ணாமலே எல்லோருக்கும் 18 என்று எழுதிவிட்டு நகரும் சோம்பல் எந்த ஊர் வார்டிலும் உண்டு. நோயாளியின் நிலை மோசமாகும்போது முதலில் ஏறும் எண்களில் மூச்சும் ஒன்று என்பதால் எனக்கு அந்தச் சோம்பல்மேல் கோபம் அதிகம். வீட்டில் தாத்தா தூங்கும்போது எண்ணிப் பழகட்டும், காசா பணமா!

ஜூலு மொழி பள்ளியில் எடுக்கவில்லை என்றால் இப்போதாவது தொடங்கட்டும். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, சாப்பிட்டீர்களா என்ற அளவுக்காவது வேண்டும். டர்பன் மருத்துவமனைகளில் அது இல்லாமல் பாதி வேலை நடக்காது.

பண்பு என்று பார்த்தால், ரகசியம் காப்பதில்தான் நம் பிள்ளைகளுக்குச் சோதனை. உங்கள் சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கும் ஆர்.கே.கான் மருத்துவமனையில் பயிற்சி கிடைத்தால் கட்டிலில் படுத்திருப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகவோ கோயிலில் பார்க்கும் அத்தையாகவோ இருப்பார். 2003ஆம் வருடத் தேசிய சுகாதாரச் சட்டப்படி நோயும் சிகிச்சையும் மட்டுமல்ல, ஒருவர் அங்கே தங்கியிருக்கிறார் என்பதே ரகசியம். ஆகவே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் "இன்றைக்கு யாரைப் பார்த்தாய்?" என்று நீங்களும் கேட்கக் கூடாது அம்மா. வாட்ஸ்அப்பில் வார்டுப் படம் போடுவது அதைவிட ஆபத்து.

உங்கள் பயம் நியாயமானதே. டிபி காற்றில் பரவும். நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் போதாது. முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. நேரே ஊசிப் பெட்டியில் போய் விழ வேண்டும். குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பயந்த பிள்ளையைவிட, திட்டு விழுமோ என்று மறைக்கிற பிள்ளைதான் எனக்குக் கவலை.

கடைசியாகக் காவடி. தைப்பூசமும் கல்லூரி திறப்பும் அடுத்தடுத்து வரும். காப்பு கட்டிய கையோடு நோயாளியைத் தொட விடமாட்டார்கள்; மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றுக்கும் அதே விதிதான், நூலிலும் கிருமி தங்கும். விரதத் தேதி தெரிந்தவுடன் பயிற்சி ஆசிரியரிடம் பேசினால் நாட்களை மாற்றித் தர வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். பூசாரியிடம் நீங்கள் கேளுங்கள். ஆசிரியரிடம் அவளே பேசட்டும், நீங்கள் போன் செய்ய வேண்டாம்.