கல்லடித் தேரையும் கிளையில் தொங்கும் பாம்பும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் சீனத் தூரிகை எழுத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன், அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது, அந்த எழுத்தைப் புகழ்வதற்குச் சீனர்கள் வைத்திருக்கும் நான்கெழுத்துத் தொடர்களைப் பற்றி. 'செங்யூ' என்பார்கள். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கே: நாங்கள் பினாங்கில் இருக்கிறோம். புத்தாண்டு வந்தால் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா சிவப்புத் தாளில் தூரிகையால் எழுதி வாசலின் இரண்டு பக்கமும் ஒட்டுவார். "ரொம்ப அழகா இருக்கு" என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் சொல்ல வராது. என்ன சொன்னால் அவர் சந்தோஷப்படுவார்?

ப: 'அழகு' என்பதில் தப்பில்லை, ஆனால் வருஷக்கணக்கில் தூரிகை பிடித்த கைக்கு அது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். அவர்கள் எழுத்தில் முதலில் தேடுவது பலத்தை, அப்புறம் ஓட்டத்தை. அழகெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் தாத்தா எந்த நடையில் எழுதியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். எழுத்துகள் தனித்தனியாக, கட்டம் கட்டினாற்போல் நிமிர்ந்து நின்றால் அது 'காய்ஷூ', திருத்தமான நடை. அதற்கு 'தியே ஹுவா யின் கோவ்' என்று சொல்லலாம், இரும்புக் கோடு, வெள்ளிக் கொக்கி என்று அர்த்தம், சீனாவை ஆண்ட தாங் வம்சத்து அரசவையில் இருந்த ஓயாங் ஷுன் பேரில் வழங்கும் ஒரு குறிப்பிலிருந்து வந்த தொடர். கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போனால் 'ஷிங் யுன் லியு ஷுய்', நகரும் மேகம், ஓடும் நீர். ஒன்றுமே புரியாமல் சுழன்று சுழன்று போனால் 'பி ஸோவ் லோங் ஷெ', தூரிகையிலிருந்து டிராகனும் பாம்பும் ஓடுகின்றன என்று. வாசலில் ஒட்டுகிறவர்கள் அநேகமாக முதல் இரண்டு நடையோடு நிறுத்திக்கொள்வார்கள், நாலு பேர் படிக்க வேண்டுமே. இதெல்லாம் மாண்டரின் உச்சரிப்பு, தாத்தா வீட்டில் ஹொக்கியன் பேசுகிறவராக இருந்தாலும் புரிந்துகொள்வார். வாய் குழறினால் 'ஹாவ் த்ஸி', நல்ல எழுத்து, அது போதும். ஒரு நிமிஷம் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கே: 'டிராகன் பறக்கிறது, ஃபீனிக்ஸ் ஆடுகிறது' என்பதுதான் இருப்பதிலேயே பெரிய பாராட்டு என்று படித்தேன். உண்மையா?

ப: பாதி உண்மை. 'லோங் ஃபெய் ஃபெங் வு' முதலில் எழுத்தைப் பற்றியதே இல்லை. 11ஆம் நூற்றாண்டில் சூ ஷி என்ற கவிஞர், ஹாங்ஜோவ் பக்கத்து மலைகள் இறங்கி வருவதை அப்படி எழுதினார். பிறகுதான் அது வேக எழுத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அதில் ஒரு குசும்பும் சேர்ந்துவிட்டது, டாக்டர் எழுதின மருந்துச் சீட்டைக் காட்டி "டிராகன் பறக்குது பாரு" என்றால் அது பாராட்டு இல்லை என்று உங்களுக்கே தெரியும். பினாங்கு அன்பர் தாத்தாவிடம் இதைச் சொல்லிவிட வேண்டாம், அவர் நிஜமாகவே வேக நடையில் எழுதியிருந்தால் ஒழிய.

கே: திட்டுவதற்கும் தொடர் உண்டா?

ப: இல்லாமலா? எனக்கென்னவோ புகழ்ச்சியைவிட அதுதான் ருசி. 'சுன் யின் சியு ஷெ', வசந்தகால மண்புழு, இலையுதிர்காலப் பாம்பு. தாங் பேரரசர் தாய்சோங், சியாவ் ஸியுன் என்பவரின் எழுத்தைப் பிடித்து வாங்கிய வாங்கு இது. ஒவ்வொரு வரியும் மண்புழு சுருண்டாற்போல, ஒவ்வொரு எழுத்தும் பாம்பு முடிச்சுப் போட்டாற்போல இருக்கிறதாம். ஜின் வம்ச வரலாற்று நூலில், பேரரசர் தனக்கு மிகப் பிடித்த பழைய எழுத்துக்காரர் வாங் ஷிஜியைப் புகழ எழுதிய பகுதியில்தான் போகிற வழியில் சியாவ் ஸியுனுக்கு இந்த அடி. இன்னொன்று 'மோ ஜு', அதாவது மைப்பன்றி. எலும்பு தெரியாமல் கொழுகொழுவென்று மை அப்பிய எழுத்து. வாங் ஷிஜிக்கே ஆசிரியை என்று சொல்லப்படும் வெய் அம்மையார் பேரில் வழங்கும் குறிப்பில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவதற்கு இவ்வளவு இலக்கியம் வேண்டியதில்லை, 'நாய் ஊர்ந்த மாதிரி இருக்கு' என்பார்கள். நம் வீடுகளில் கோழி கிண்டுகிறது, அங்கே நாய்.

கே: வாங் ஷிஜி பலகையில் எழுதிய எழுத்து மரத்துக்குள் மூன்று 'ஃபென்' ஆழம் இறங்கியிருந்ததாம். நம்பலாமா?

ப: அந்தக் காலத்து ஒரு ஃபென் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று என்றால் முக்கால் சென்டிமீட்டர் வரும். முடியைக் கட்டிய தூரிகையால் அது ஆகாது. அரசர் வழிபாட்டுக்கு வாசகம் எழுதிய பலகை, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று தச்சர் சீவச் சீவ மை போகவே இல்லை, அதுதான் கதை. 8ஆம் நூற்றாண்டில் ஜாங் ஹுவாய்குவான் என்பவர் எழுதி வைத்தார், வாங் ஷிஜி வாழ்ந்ததோ 4ஆம் நூற்றாண்டு, நடுவில் நானூறு வருஷம் இருக்கிறது. இந்த 'ரு மு சான் ஃபென்' இப்போது தூரிகையை விட்டே கிளம்பிவிட்டது, ஒரு கட்டுரை விஷயத்தின் அடிவரை போய்விட்டால் அதற்கும் இதே பாராட்டுத்தான், ஒரு நடிகர் பாத்திரத்தில் ஊறிப்போனாலும் இதேதான்.

கே: எலும்பு, நரம்பு என்றெல்லாம் சொல்கிறார்களே, எழுத்துக்கு ஏது எலும்பு?

ப: 'யான் ஜின் லியு கு' என்பதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். யான் ஜென்சிங்கின் தசைநார், லியு கோங்சுவானின் எலும்பு. இரண்டு பேரும் தாங் காலத்தவர்கள், யான் மூத்தவர். சீனாவின் ஷியான் நகரில் கல்வெட்டுக்காடு என்றே பெயர் வைத்த ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, இருவரின் கற்களும் அங்கே நிற்கின்றன. யான் 779இல் தன் கொள்ளுத்தாத்தாவுக்கு எழுதிய கல்லைப் பாருங்கள். படுக்கைக்கோடு மெலிந்திருக்கும், நிமிர்ந்த கோடு பருத்து, லேசாக வெளிப்பக்கம் வளைந்து, சுமை தூக்கி நிற்கிற தோள் மாதிரி இருக்கும், அதுதான் அந்த நார். லியுவின் 841ஆம் வருஷக் கல்லுக்கு வந்தால் கொழுப்பே இல்லை. கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் வெட்டினாற்போல் கூர்மை, எழுத்தின் நடுப்பகுதி இறுக்கமாக ஒடுங்கியிருக்கும். இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு "யான் நடையில் எழுதுகிறாயா, லியு நடையில் எழுதுகிறாயா" என்று கேட்டுத் தூரிகைப் படிப்பை ஆரம்பிப்பதுண்டு.

இதில் ஆள் எப்படிப்பட்டவர் என்பதும் கலந்துவிடுகிறது. யான் ஒரு கலகக்காரத் தளபதியிடம் தூது போய், அவனுக்குப் பணிய மறுத்து, 785இல் கொல்லப்பட்டவர். அவர் எழுத்தின் திடத்தைப் பேசுகிற யாரும் அந்தச் சாவை மறந்துவிட்டுப் பேசுவதில்லை. லியுவிடம் பேரரசர் முசோங், தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறார். "மனசு நேராக இருந்தால் தூரிகை நேராக இருக்கும்" என்றாராம் இவர். பேரரசருக்கு முகம் மாறிவிட்டது, ஆட்சியைக் கவனிக்காமல் இருந்தவர் அவர்.

கே: கோபித்துக்கொள்ளாதீர்கள். டிராகன், மேகம், இரும்பு, வெள்ளி... இதெல்லாம் வெறும் அலங்காரப் பேச்சு இல்லையா? படிக்கிறவருக்கு இதனால் என்ன லாபம்?

ப: கோபம் எதற்கு, நீங்கள் கேட்டதையே 900 வருஷத்துக்கு முன்னால் மி ஃபூ கேட்டுவிட்டார், அதுவும் உங்களைவிடக் காட்டமாக. சோங் வம்ச காலத்தின் நாலு பெரிய கைகளில் ஒருவர் அவர். வாங் ஷிஜியின் எழுத்தைப் பற்றி 'டிராகன் வானத்து வாசலில் துள்ளுகிறது, புலி ஃபீனிக்ஸ் மாடத்தில் படுத்திருக்கிறது' என்றொரு பழைய புகழ்ச்சி உண்டு, அதை எடுத்துப் போட்டு "இது என்ன பேச்சு?" என்கிறார். சொல்லை ஜோடிப்பதில் இறங்கிவிட்டால் முறை தூரப் போய்விடும், கற்கிறவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்கிறார். அவர் பேசுகிற விதமே வேறு. பேரரசர் ஹுய்சோங் இந்தக் காலத்து எழுத்துக்காரர்கள் எப்படி என்று கேட்டபோது, ஹுவாங் திங்ஜியான் எழுத்தை வரி மேல் வரியாக இழைக்கிறார், சூ ஷி படமாக வரைகிறார் என்று பெரும்பாலோருக்கு ஒரே வினைச்சொல்லில் முடித்தார். "நீர்?" என்றதற்கு, "நான் பிரஷ் அடிக்கிறேன்" என்றார்.

எனக்கு மி ஃபூ கட்சி பாதி சம்மதம். ஆளுக்கு ஆள் பொருந்துகிற புகழ்ச்சி எவருக்கும் உதவாது, டிராகனை யார் தலையில் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் உவமை ஒரே ஒரு கைக்கு மட்டும் பொருந்தினால் விஷயம் வேறு. இப்போது சொன்ன சூ ஷியும் ஹுவாங் திங்ஜியானும் ஆசானும் சீடரும் மாதிரி, ஆனால் தோழர்கள். ஒருநாள் சூ ஷி, "உன் எழுத்து சுத்தமாக, விறைப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் சில சமயம் ரொம்ப மெலிந்து, மர உச்சியில் பாம்பு தொங்குகிற மாதிரி ஆகிவிடுகிறது" என்றார். சீடர் விடுவாரா, "உங்கள் எழுத்தைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஆனாலும் அங்கங்கே கல் அமுக்கின தேரை மாதிரி தட்டையாக இருக்கிறதே" என்றார். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்களாம், அவரவர் கோளாறு சரியாகப் பிடிபட்டுவிட்டது என்று. தென் சோங் காலத்துக் குறிப்பு நூல் ஒன்றில் இருக்கும் கதை.

இதைச் சரிபார்க்க உங்களுக்குச் சீன மொழி தெரிய வேண்டாம். தைவானில், தாய்பெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு சுருள் இருக்கிறது, சூ ஷி ஹுவாங்ஜோவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த நாளில், 1082 வாக்கில், மழையில் குந்தியிருந்து எழுதிய இரண்டு கவிதைகள். வலமிருந்து இடமாகப் பாருங்கள். ஆரம்பத்தில் எழுத்து அடக்கமாக, சிறிதாக இருக்கும். ஆறு வீட்டுக்குள் வரப் பார்க்கிறது, அடுப்பு உடைந்திருக்கிறது, ஈரநாணல்தான் எரிக்கக் கிடைத்தது என்று இரண்டாம் கவிதை போகப் போக எழுத்து ஊதிப் பெரிதாகி, குந்தினாற்போல் அகலமாகி (தேரை வந்துவிட்டது), திடீரென்று 'நாணல்' என்ற எழுத்திலும் 'காகிதம்' என்ற எழுத்திலும் கடைசிக் கோடு நெடுக இறங்குகிறது. கவிதை முடிந்த இடத்துக்கு இடப்பக்கம் வேறொரு கை ஆரம்பிக்கும், கைகால் நீண்ட, கோணலாக வெளியே வீசுகிற எழுத்து. அது ஹுவாங். சூ ஷியே மறுபடி எழுதினாலும் இந்த அளவுக்கு வராது என்று எழுதிவிட்டு, பின்னொரு நாள் அவர் இதைப் பார்த்தால், புத்தர் இல்லாத இடத்தில் நான் பெரியவன் வேஷம் போடுகிறேன் என்று சிரிப்பார் என்று முடித்திருக்கிறார். பாம்பும் தேரையும் ஒரே சுருளில், பக்கத்துப் பக்கத்தில்.

கே: புகழ்ச்சி இல்லாமல், எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிற தொடர் ஏதாவது உண்டா?

ப: 'வு லோவ் ஹென்', கூரை ஒழுகின தடம். இதற்கும் யான் ஜென்சிங்தான். ஹுவாய்சூ என்ற துறவி, குடித்துவிட்டு எழுதுவதில் பேர்போனவர், தான் கோடைமேகங்களைப் பார்த்துக் கற்றதாகவும் வேகமான இடங்கள் காட்டைவிட்டுப் பறக்கும் பறவை, புல்லுக்குள் பாயும் பாம்பு மாதிரி என்றும் சொல்லிக்கொண்டே போனார். யான் கேட்டது ஒன்றுதான்: "கூரை ஒழுகின தடம் எப்படி?" துறவி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மண்சுவரில் மழைத்தண்ணீர் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், சர்ரென்று நேராக வராது. ஒரு சொட்டு தயங்கும், தேங்கும், கனம் சேர்ந்ததும் கொஞ்சம் விலகி இறங்கும், மறுபடி நிற்கும். தூரிகையை அப்படி இழுக்க வேண்டும், ஒரே மூச்சில் வழித்துவிடக் கூடாது.

கே: தாய்பெய் போனால் அந்தச் சுருளைப் பார்த்துவிடலாமா?

ப: லேசில் முடியாது. பழைய தாள், வெளிச்சம் ஆகாது என்பதால் எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படமாக இருக்கிறது, நன்றாகப் பெரிதாக்கி அந்த 'நாணல்' கோட்டை மேலிருந்து கீழே விரலால் இழுத்துப் பாருங்கள். கல்லில் பார்க்க வேண்டும் என்றால் ஷியான், அவை எங்கேயும் போகாது.