குமரி மாவட்டத்தில் காட்டு விலங்குகளைக் காக்கும் வேலை: தகுதி என்ன, வேலை எப்படி?

"வீடு குலசேகரம் பக்கம், பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் கேம் வார்டன் இருப்பதுபோல நம் ஊரில் காட்டு விலங்குகளைக் காக்கும் வேலைக்கு எப்படிப் போவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். குமரி வனக்கோட்டத்தில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்களைப் போன்ற மலையோரத்துப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் அந்த அதிகாரிக்கு முக்கிய வேலை, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரிமம் இருக்கிறதா, சீசன்தானா, அளவு தாண்டவில்லையே என்று பார்ப்பது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 1991இல் திருத்திய பிறகு, உரிமம் வாங்கி வேட்டையாடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மிளா மானானாலும் முயலானாலும் அடித்தால் குற்றம்தான்.

உங்கள் படிப்புக்கு ஏற்ற பதவி வனக்காப்பாளர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே வனக்காவலர் பதவிக்குப் பத்தாம் வகுப்பு போதும். முன்பு வனத்துறைக்கென்று தனித் தேர்வுக் குழுமம் இருந்தது. 2024 முதல் இரண்டு பதவிகளும் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் சேர்ந்துவிட்டன. வயது வரம்பை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கு உயரம் 163 செ.மீ., பெண்களுக்கு 150. பலர் தடுக்கி விழும் இடம் நடைத் தேர்வு. ஆண்கள் 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும், பெண்கள் 16 கிலோமீட்டர். ஆண்கள் நடக்க வேண்டியது நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிவரை போகிற தூரத்தைவிட அதிகம். தேர்வு முடிவு வந்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இன்றிலிருந்தே நடங்கள்.

இனி வேலை. கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் ஆரல்வாய்மொழிக் காற்றில் காய்ந்து கிடக்கும் சரிவு, மறுபக்கம் கோதையாறு மேலே அட்டை உறிஞ்சும் மழைக்காடு. கோடை வந்தால் முதல் பக்கத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டிக் காவல் இருக்க வேண்டும். இரண்டாவது பக்கத்தில் ஆண்டு முழுக்கச் சுருக்குக் கம்பியோடு போராட்டம்.

சுருக்குக் கம்பியை ஒருமுறையாவது அருகில் பார்த்தால்தான் இந்த வேலை புரியும். பைக் கிளட்ச் கேபிள், சைக்கிள் பிரேக் ஒயர், இதுதான் சரக்கு. பளபளப்பு தெரியக்கூடாதென்று தீயில் காட்டிக் கறுக்க வைப்பார்கள். பன்றி நுழையும் புதர் இடைவெளியில், முழங்கால் உயரத்தில் வளையம் தொங்கும். விலங்கு வேறு வழி போகாதபடி இரு பக்கமும் குச்சியை ஒடித்துச் சாய்த்திருப்பார்கள். கம்பி கண்ணில் படாது. ஒடித்த குச்சியின் வெளுத்த வெட்டுவாய்தான் முதலில் தெரியும். கம்பியை அறுத்துக்கொண்டு வந்துவிட்டால் வைத்தவன் தப்பிவிடுவான். அப்படியே விட்டால் ஒரு மிளா கழுத்து அறுந்து சாகும். முடிச்சை இறுகாதபடி தளர்த்திவிட்டு, விடியும்வரை மறைந்து காத்திருப்பதுதான் சரி என்பேன். பன்றிக்கு இரைபோல வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயில் மட்டும் கையை வைக்காதீர்கள். மேலதிகாரிக்குச் சொல்லிவிட்டு, இடத்தைச் சுற்றி ஆள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆளைப் பிடித்த பிறகு பாதி வேலை எழுத்தில். வனக்காப்பாளருக்கும் சோதனை போடவும் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. ஆனால் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் எழுதும் மகஸரில் இடம், நேரம், சாட்சி எல்லாம் பிசகாமல் இருக்க வேண்டும். வன உயிரினச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள விலங்கு என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. அத்தனை பெரிய வழக்கும் தெளிவில்லாத ஒரு பக்கத்தால் விழுந்துபோகும். தமிழில் பிழையில்லாமல், நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பழகுங்கள். துப்பாக்கி சுடுவதைவிட இது முக்கியம்.

காட்டு வேலை காட்டோடு முடியாது. அரசு ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இருட்டிலேயே கிளம்புகிறார்கள். அதற்குமுன் தோட்டத்தின் எந்தக் கூப்பில் (பகுதியில்) யானை நிற்கிறது என்ற தகவல் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஓர் உயிர் போகலாம். கடற்கரையில் பங்குனி ஆமை முட்டை, வீட்டுக்குள் புகுந்த ராஜநாகம், திமிங்கிலத்தின் வயிற்றில் உருவாகும் அம்பர்கிரிஸைக் கடத்துவது, 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்களின் பறவைகள், எல்லாம் நம் தலையில்தான்.

இத்தனையிலும் எனக்குக் கண்ணாக இருந்தவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பெரும்பாலும் இந்த மலையின் பழங்குடியினரான காணி மக்கள். "சாறே, அங்கோட்டு போவாண்டாம், ஆன நிக்குது" என்று முன்னால் போகிறவர் கையைக் காட்டினால், காரணம் கேட்காமல் நின்றுவிடுவேன். ஈரப் பச்சை வாடையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொகுப்பூதியத்தில் வைத்திருப்பது நியாயமில்லை. பணியில் இருந்தபோதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் காணி நண்பர்கள் இருந்தால் ஒரு தகவல் சொல்லுங்கள். குரூப் 4 தேர்வில் பழங்குடியின இளைஞர்களுக்கென்று வனக்காவலர் பணியிடம் தனியாக உண்டு. பழங்குடியினருக்கு உயரத்திலும் தளர்வு இருக்கிறது: ஆண்களுக்கு 152 செ.மீ., பெண்களுக்கு 145. இது தெரியாமலே பலர் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள்.