பி.இ. எட்டுதானே என்று வாங்கினேன், இறங்கிவிட்டதே!

கேள்வி: எனக்கு 46 வயது. நிஃப்டியின் (50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) பி.இ. (பங்கு விலையை ஒரு பங்கின் வருட லாபத்தால் வகுத்தால் வரும் எண்) அதிகம் என்று இரண்டு வருடமாக 8 லட்சம் ரூபாயை வங்கியிலேயே வைத்திருந்தேன். சந்தையோ ஏறிக்கொண்டே போனது. பொறுக்க முடியாமல், பி.இ. 8 தானே, மலிவுதான் என்று ஒரு ஸ்டீல் பங்கை 400 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது 280. பி.இ. 20 என்று காட்டுகிறது! இந்தக் குறைந்த விலையில் இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணலாமா, விற்றுவிடலாமா? ராத்திரி தூக்கம் வரவில்லை.

பதில்: விலை இறங்கியும் பி.இ. ஏறியிருக்கிறது பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் வாங்கியபோது ஒரு பங்கின் லாபம் 50 ரூபாய். 400-ஐ 50-ஆல் வகுத்தால் 8. இப்போது லாபம் 14 ரூபாய்க்கு வந்திருக்கிறது, அதனால்தான் 20. ஸ்டீல் விலை உச்சத்தில் இருக்கும்போது லாபம் பொங்கி வழியும், பி.இ. மலிவாகத் தெரியும். நீங்கள் பார்த்தது அந்த வருடத்து லாபத்தை மட்டும். ஸ்டீல், சிமென்ட், சர்க்கரை மாதிரி ஏறி இறங்கும் தொழில்களுக்குப் பத்து வருடச் சராசரி லாபத்தை எடுங்கள். அது 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 400-க்கு வாங்கியது உண்மையில் பி.இ. 20-ல். இன்றைய 280-தான் 14.

அதற்காக உடனே ஆவரேஜ் பண்ணிவிடாதீர்கள். முதலில் கடனைப் பாருங்கள். 2017-ல் திவால் நடவடிக்கைக்கு அனுப்பும்படி ரிசர்வ் வங்கி அடையாளம் காட்டிய 12 பெரிய வாராக் கடன் கணக்குகளில் எஸ்ஸார் ஸ்டீல், பூஷண் ஸ்டீல் எல்லாம் இருந்தன. மந்த காலத்து லாபத்தில் வட்டியைக் கட்ட முடியாத நிறுவனம் என்றால், நஷ்டத்தோடு வெளியே வந்துவிடுங்கள். கட்ட முடியும் என்றால் வைத்திருக்கலாம். மேலும் பணம் போடுவதற்கு, 'நான் ஏற்கெனவே 400-க்கு வாங்கிவிட்டேன்' என்பது ஒரு காரணமே அல்ல. நீங்கள் வாங்கிய விலை அந்த நிறுவனத்துக்குத் தெரியாது.

அப்புறம் நிஃப்டி பி.இ. விஷயம். பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் காத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வரைபடத்தில் ஒரு ஒட்டு இருக்கிறது. 2021 மார்ச் கடைசியில், துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்குத் தேசியப் பங்குச் சந்தை மாறியது. 40-க்கு மேல் இருந்த பி.இ. ஒரே நாளில் 33 பக்கம் வந்தது. சந்தை அப்படியொன்றும் விழவில்லை. அதற்கு முந்தைய எண்களையும் இன்றைய எண்ணையும் அருகருகே வைத்து 'அதிகம், குறைவு' என்று சொன்னால் தப்பாகிவிடும். நான் செய்வது வேறு: 100-ஐ பி.இ.-யால் வகுப்பேன். பி.இ. 22 என்றால் சுமார் 4.5 சதவிகிதம், அதாவது பங்கில் போடும் 100 ரூபாய்க்கு நிறுவனங்கள் வருடத்தில் ஈட்டும் லாபம். இதை அரசுக் கடன் பத்திர வட்டியோடு வைத்துப் பார்த்து, இடைவெளியை லாப வளர்ச்சி ஈடுகட்டுமா என்று யோசிப்பேன். சந்தை நாளை எங்கே போகும் என்று இது சொல்லாது. மொத்தமாகப் போடுவதா, 18 மாதங்களுக்குப் பிரித்துப் போடுவதா என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான். மீதமுள்ள பணத்துக்கு நான் பிரித்துப் போடுவதைத்தான் சொல்வேன்.

தூக்கத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குள்ளேயே சந்தை 10 சதவிகிதம் சரிந்து, 45 நிமிடம் வர்த்தகம் நின்றது. என் நோட்டில் 'இந்த விலைக்கு வந்தால் வாங்குவேன்' என்று ஜனவரியிலேயே எழுதிவைத்த ஆறு பங்குகள் இருந்தன. ஐந்து அந்த விலைக்குக் கீழே வந்துவிட்டன. கை நடுங்கியது, இரண்டைத்தான் வாங்கினேன், அதுவும் எழுதியதில் பாதி அளவுக்கு. நிஃப்டி அன்று 13 சதவிகிதம் விழுந்து முடிந்தது. அடுத்த நாளே அடி தொட்டுத் திரும்பிவிடும் என்று யாருக்குத் தெரியும்? நோட்டு இல்லையென்றால் அந்த இரண்டையும் வாங்கியிருக்க மாட்டேன். பயத்தில் கையில் இருந்ததை விற்றிருப்பேன்.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். பங்கின் பெயர், சராசரி லாபம், கடன், என்ன விலைக்கு வாங்குவேன், என்ன நடந்தால் விற்பேன் என்று ஐந்து வரி போதும். சந்தை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் அந்த ஸ்டீல் பங்கையே எழுதுங்கள். விலைக்கான இடத்தில் 400 என்ற எண் வரக் கூடாது.