கார்ட் ஓட்டும் மகள் ராலிக்குப் போகிறேன் என்கிறாள்

அன்புள்ள அம்மா,

நான்கு வருடமாகக் கார்ட் என்கிற சின்னத் திறந்த பந்தய வண்டி ஓட்டுகிற 15 வயது மகள் ஒரு நாள் "எனக்கு ஃபார்முலா ஒன் வேண்டாம், ராலிதான் வேண்டும்" என்று சொன்னதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பயிற்சியாளரோ "இந்த வயதில் தடம் மாறினால் எல்லாம் போச்சு" என்கிறார். இதுவரை போட்ட பணம் ஆற்றில் கரைத்த புளிதானா என்று கேட்கிறீர்கள்.

இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரேஸ் என்று என்னிடம் வருகிற பெற்றோர் அநேகமாக எல்லோருமே மனதில் ஓர் ஏணியோடு வருகிறார்கள். கார்ட், ஃபார்முலா 4, ஃபார்முலா 3, ஃபார்முலா 2, உச்சியில் ஃபார்முலா ஒன். ஏணி இருப்பது உண்மைதான். ஃபார்முலா ஒன் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும், அதற்கு மூன்று சீசனில் 40 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். ஃபார்முலா 2 சாம்பியன்ஷிப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அந்த 40-ம் ஒரே வருடத்தில் கிடைத்துவிடும். சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உட்கார இடம்? 2026 சீசனில் 11 டீம், 22 கார். உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். உட்கார்ந்தவர்களும் லேசில் எழுந்திருப்பதில்லை. ஃபெர்னாண்டோ அலோன்சோ அங்கே முதல் பந்தயம் ஓட்டியது 2001-இல்.

பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வார இறுதியில் 60-க்கும் மேற்பட்ட கார்கள், காருக்கு மூன்று டிரைவர்கள். ஃபார்முலா ஒன்னைப் போல் எட்டு மடங்கு ஆட்கள் ஓட்டுகிறார்கள். அதில் எல்லோருமே சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை, அந்தக் கணக்கை அப்புறம் சொல்கிறேன். இப்போதைக்கு உங்கள் கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மகள் ஃபார்முலா ஒன்னுக்குப் போவாளா என்று கேட்காதீர்கள். 25 வயதில் அவளைக் கூப்பிட்டு, கார் ஓட்டச் சொல்லி, யாராவது காசு கொடுப்பார்களா என்று கேளுங்கள்.

இப்படிக் கேட்டால் ராலி ஆசை, அதாவது வட்டமடிக்கும் சர்க்யூட்டை விட்டுச் சாலையிலும் மண்பாதையிலும் நேரத்தை எதிர்த்து ஓட்டும் ஆசை, அவ்வளவு பயமாகத் தெரியாது. இந்தத் தொழிலில் நீண்ட நாள் நின்றவர்களில் பலர் வண்டி மாற்றியவர்கள். கிரகாம் ஹில் 24 வயதில்தான் கார் ஓட்டவே கற்றார். டீமில் மெக்கானிக்காக நுழைந்தவர். பிற்பாடு மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஐந்து முறை ஜெயித்து, 1966-இல் அமெரிக்காவின் இண்டி 500, 1972-இல் லெ மான் என்று மூன்றையும் கையில் வாங்கினார். இன்றுவரை அந்த மூன்றையும் வென்ற ஒரே ஆள் அவர்தான். நரேன் கார்த்திகேயனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2005-இல் ஜோர்டான் டீமில் ஃபார்முலா ஒன், 2010-இல் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக் பந்தயம், அதன்பின் மறுபடி ஃபார்முலா ஒன், 2014-இலிருந்து ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா. செய்தியில் வந்தது முதல் வரி. தொழில் நடந்தது மற்ற வரிகளிலும்தான்.

ராலிக்குப் போனால் சர்க்யூட் கதவு சாத்திக்கொள்ளும் என்று பயிற்சியாளர் சொல்வதையும் நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். ராலியில் ஒன்பது முறை உலக சாம்பியனான செபாஸ்டியன் லோப் 2006-இல் லெ மான் போய் இரண்டாவதாக வந்தார். காலே ரோவன்பேரா 22 வயதில் ராலி உலக சாம்பியன். அவரே 2025-இல் ராலியை விட்டு சர்க்யூட் பக்கம் போகிறேன் என்று அறிவித்தார். வயதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களே, கார்லோஸ் சைன்ஸ் 2024-இல் பாலைவனத்தில் பல நாள் ஓடும் டக்கார் ராலியை நான்காவது முறை வென்றபோது அவருக்கு 61. அந்த நான்கு வெற்றியும் நான்கு வெவ்வேறு கம்பெனி வண்டிகளில்.

இத்தனையும் சொன்னதால் எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதே அலோன்சோ, இரண்டு முறை உலக சாம்பியன், 2017-இல் முதல் தடவையாக இண்டி 500 போய் 27 சுற்று முன்னணியில் ஓடினார். கடைசியில் இஞ்சின் காலை வாரியது. 2019-இல் மறுபடி போனார். தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. கிமி ராய்க்கோனன் 2007 சாம்பியன். 2010, 2011 இரண்டு வருடமும் உலக ராலியில் ஓட்டியும் ஒரு தடவைகூட முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடை ஏறவில்லை. திறமைக் குறைவா? அந்தக் கலை வேறு.

எப்படி வேறு என்று உங்கள் மகளுக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். சர்க்யூட்டில் ஒரே வளைவை ஒரு வார இறுதியில் நூறு தடவை எடுப்பாள். பிரேக்கை எங்கே மிதிப்பது என்று மீட்டர் கணக்கில் மெருகேற்றலாம். ராலியில் அந்த வளைவு போட்டி வேகத்தில் வருவது ஓரிரு முறைதான். முன்கூட்டியே அதே சாலையில் மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவும் எவ்வளவு கூர்மை என்று ஓர் எண் சொல்வாள். பக்கத்து சீட்டில் இருக்கும் கோ-டிரைவர் நோட்டில் குறித்துக்கொள்வார். "இடது 4, மேடு, 80 மீட்டர், வலது 2, போகப் போக இறுகும், உள்பக்கம் வெட்டாதே." போட்டியன்று அவர் வாசிக்க வாசிக்க, கண்ணுக்கு இன்னும் தெரியாத வளைவுக்கு இவள் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதற்கு அந்த நோட்டு மட்டும்தான் சாட்சி. சொன்ன எண் ஒன்று தப்பினால் வண்டி சாலையில் இருக்காது.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். அடுத்த முறை வளைவுகள் உள்ள ஏதாவது சாலையில் நீங்கள் கார் ஓட்டும்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து நோட்ஸ் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அதை அவள் வாசிக்கட்டும். நீங்கள் வழக்கமான வேகத்திலேயே, சாலையைப் பார்த்தே ஓட்டுங்கள். வளைவு வருவதற்கு முன்பே சொல் வந்ததா, வந்தபின் வந்ததா, நடுவில் பக்கம் தொலைந்து திணறினாளா என்று கவனியுங்கள். பத்து கிலோமீட்டருக்குள் அலுத்துவிட்டால் அவளுக்குப் பிடித்தது ராலியின் புழுதிதான் என்று தெரிந்துவிடும். இரண்டாவது தடவை போகலாமா என்று கேட்டால் விஷயமே வேறு.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்தான். தகுதிச் சுற்றுகளில் எப்போதும் மூன்றாவது, நான்காவது இடம். "இவன் வேகம் பத்தாது சார்" என்று அப்பா ஆரம்பித்துவிட்டார். பையன் ஒன்றும் பேசாமல் லேப்டாப்பைத் திறந்தான். திரையில் இரண்டு கோடுகள், அவனுடைய பிரேக் அழுத்தமும் டீமில் வேகமான பையனுடையதும். ஒரு வளைவில் விரலை வைத்தான். "இங்கே நான் பிரேக்கைச் சட்டென்று விட்டுட்டேன். மூக்கு தூக்கிடுச்சு, முன் டயர் பிடிக்கலை. அவன் மெதுவா விட்டிருக்கான். அடுத்த செஷன்ல நான் மாத்தினேன், அதுவும் இதோ இருக்கு." கார் என்ன செய்கிறது, தான் என்ன செய்தோம் என்பதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை. எந்த டீம் இன்ஜினியரும் முதலில் தேடுவது இதைத்தான். கார்ட், ஜிடி (சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்துக்கு மாற்றியது), ராலி, சிமுலேட்டர் என்று எங்கே போனாலும் கூடவே வருகிற சாமான் இது. அந்தப் பையன் இன்று ஜிடி கார் ஓட்டுகிறான், மற்றவர்களுக்குக் கோச்சாகவும் இருக்கிறான். ஃபார்முலா பக்கம் போகவேயில்லை.

சரி, காசுக் கணக்கு. எல்லோரும் மறைக்கிற பக்கம் இதுதான். கார் கம்பெனியின் நேரடி ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு. அவர்கள் கொஞ்சம் பேர். கீழ்ப்படிகளில் டிரைவர்தான் டீமுக்குப் பணம் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பில் பல மடங்கு ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவே வெளியே அதிகம் தெரியாத ஒரு சந்தை இருக்கிறது. உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்ஐஏ, டிரைவர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று நான்காகத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. வெண்கலம் என்றால் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் ஆசைக்காக ஓட்டுகிற தொழிலதிபர்கள். லெ மான் போன்ற நீண்ட நேரப் பந்தயங்கள் அடங்கிய உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பின் ஜிடி பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலம் கட்டாயம். அந்த தொழிலதிபருக்குத் தன் பக்கத்தில் வேகமான, பொறுமையான, தனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அங்கேதான் வேலை பிறக்கிறது. வெள்ளித் தரத்தில் இருந்துகொண்டு தங்கத்தின் வேகத்தில் ஓட்டுகிற ஆளுக்கு டீம்கள் அலைகின்றன. தரம் உயர்ந்தால் பெருமைதான், ஆனால் வெள்ளிக்கான இடத்தில் இனி உட்கார முடியாது என்பதால் அன்றைக்கே சிலருக்கு வேலை போய்விடும். வேடிக்கையான தொழில்.

இதோடு டயர் சோதனை, சிமுலேட்டரில் மணிக்கணக்காக உட்காரும் வேலை, பயிற்சி தருவது எல்லாம் சேர்த்துத்தான் ஒரு வருட வருமானம் தேறும். பேசத் தெரிய வேண்டும், மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டும், விருந்தினர்களோடு சிரித்த முகமாக நிற்கத் தெரிய வேண்டும்.

அதனால்தான் பள்ளிப் படிப்பை நிறுத்தலாமா என்ற உங்கள் வீட்டுக்காரரின் யோசனைக்கு என் பதில் "வேண்டவே வேண்டாம்". டக்கார் ராலியின் கார் பிரிவை வென்ற ஒரே பெண், 2001-இல், யூட்டா கிளைன்ஷ்மிட். இயற்பியல் பொறியியல் படித்து கார் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். மோட்டார் சைக்கிளில் தொடங்கித்தான் காருக்கு வந்தார். படிப்பு அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. டிரைவர் சீட் கிடைக்காவிட்டாலும் டேட்டா இன்ஜினியர், வியூக நிபுணர் என்று டீம்கள் காரைக் கவனிக்கும் அதே பிட் லேனில் நிற்க வழி உண்டு, ஆனால் அந்த வழிக்கு டிகிரி கேட்பார்கள்.

ஆபத்தைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மனதில் அதுதான் பெரிதாக இருக்கும் என்று தெரியும். பூசி மெழுக மாட்டேன். ராபர்ட் குபிட்சா ஃபார்முலா ஒன்னில் பந்தயம் ஜெயித்தவர். 2011 பிப்ரவரியில் ஆசைக்காக ஒரு சிறிய ராலி ஓட்டப் போனார். சாலையோரத் தடுப்புக் கம்பி காரைத் துளைத்து, வலது முன்கை கிட்டத்தட்ட துண்டாகும் நிலைக்குப் போனது. 2013-இல் ராலியின் இரண்டாம் பிரிவில் சாம்பியன் ஆனார், 2019-இல் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார், 2025-இல் ஃபெராரியில் லெ மான் வென்றார். கடைசி வரியை மட்டும் காட்டி உங்களைத் தேற்ற எனக்கு மனசில்லை. அந்தக் கை பழைய கையாகத் திரும்பவில்லை. சர்க்யூட்டில் ஓரத்தில் வண்டி விலகி ஓட இடமும் தடுப்பும் இருக்கும். ராலியில் மரம் இருக்கும். காருக்குள் இரும்புக் கூண்டாக இருக்கும் ரோல் கேஜும் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியும் நிறையக் காப்பாற்றும், எல்லாவற்றையும் காப்பாற்றாது. இதை அவளும் கேட்கும்படி வீட்டில் பேசுங்கள்.

அடுத்து நடைமுறை. ராலியில் நேரம் எடுக்கும் ஒரு போட்டிப் பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் பொதுச் சாலையில், போக்குவரத்து விதிப்படிதான் போக வேண்டும். அதற்குச் சாதாரண ஓட்டுநர் உரிமம் தேவை. ரோவன்பேராவே சிறு வயதில் சொந்த நாட்டில் லைசென்ஸ் வயது வராமல் லாட்வியாவுக்குப் போய் ஓட்டியவர். ஆக, உங்கள் மகளுக்கு எப்படியும் சில வருடம் இருக்கிறது. அதுவரை கார்ட்டை விட வேண்டாம், பந்தயங்களைக் குறைத்துக்கொள்ளலாம். மூடிய மைதானத்தில் கூம்பு வைத்து நடத்தும் ஆட்டோகிராஸ், மண்தரைப் பயிற்சி, யாராவது ஓர் அனுபவசாலிக்குக் கோ-டிரைவராக நோட்ஸ் வாசிப்பது என்று தொடங்கலாம். 1981-இல் உலக ராலிப் பந்தயம் ஒன்றை வென்ற முதல் பெண்ணான மிஷேல் மூட்டோன் கோ-டிரைவர் சீட்டிலிருந்து வந்தவர்தான். அவர் அப்பா ஒரு கார் வாங்கிக் கொடுத்து, ஒரு வருடம் தருகிறேன், உன்னை நிரூபி என்றாராம். அந்த ஒரு வருடத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். கெடு இருந்தால் அவருக்கும் பேச ஏதாவது இருக்கும். எவ்வளவு வரை செலவு, எந்தத் தேதியில் உட்கார்ந்து முடிவு, என்ன நடந்தால் தொடர்வது என்று மூவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டை அடமானம் வைக்கும் பேச்சு அந்தத் தாளில் வரக் கூடாது.

எந்த டீமோடு கையெழுத்துப் போட்டாலும் சேத விதியை முதலில் படியுங்கள். வண்டி மோதினால் பில் யார் தலையில், எதுவரை, காப்பீடு எதற்கெல்லாம் செல்லும். நான் பார்த்த குடும்பங்கள் நொடிந்தது பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்தால் அல்ல, இரண்டாவது மோதலால்.

அடுத்த கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம், அவளை எழுதச் சொல்லுங்கள். நான் ஒரு ஸ்பான்சர் என்று நினைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதட்டும். அந்தச் சாலையில் எழுதிய நோட்ஸ் பக்கம் ஒன்றையும் கிழித்து உள்ளே வைக்கட்டும், அடித்தல் திருத்தலோடு.