100 ஜிஎஸ்எம் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் ஒரு லேசர் பிரிண்டர் இருக்கிறது. 70 ஜிஎஸ்எம் ஏ4 பேப்பர் போடுகிறோம். இரண்டு பக்கமும் அச்சடித்தால் பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது, பேப்பரும் அடிக்கடி சிக்குகிறது. "100 ஜிஎஸ்எம், நல்ல வெண்மையானதாக வாங்குங்கள், இரண்டும் சரியாகிவிடும்" என்கிறார் பேப்பர் விற்பவர். வாங்கலாமா? இங்க்ஜெட்டுக்கு வாங்கி மிஞ்சிய போட்டோ பேப்பரை இதில் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குள் யாராவது போட்டுவிடப் போகிறார்கள். போடாதீர்கள். லேசர் பிரிண்டர் டோனர் பொடியைச் சூட்டில் உருக்கித்தான் தாளில் ஒட்டவைக்கிறது. அந்த வேலையைச் செய்யும் ஃபியூசரின் சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கும். இங்க்ஜெட் போட்டோ பேப்பரின் மேல்பூச்சு ஈர மையை உறிஞ்சுவதற்கானது. பலவற்றில் பிளாஸ்டிக் படலமும் உண்டு. அது இளகி உருளையில் சுற்றிக்கொண்டால் ஃபியூசரையே மாற்ற வேண்டிவரும்.

சரி, 100 ஜிஎஸ்எம்முக்கு வருவோம். வேண்டாம். தினசரி வேலைக்கு 80 போதும்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். அது எடையை மட்டும்தான் சொல்லும். பின்பக்க எழுத்து தெரிவதும் தெரியாததும் தாள் எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதைப் பொறுத்தது. எடை கூடினால் மறைப்பும் ஓரளவு கூடும், உண்மைதான். ஆனால் கூழோடு சேர்க்கும் சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பிகளுக்கும் அதில் பெரிய பங்குண்டு. அதனால் 80 ஜிஎஸ்எம் தாள்கள் இரண்டை ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரியும். பளிச்சென்ற வெண்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை நீல ஒளியாக மாற்றும் ரசாயனம் சேர்த்துத்தான் பெரும்பாலும் அந்தப் பளபளப்பைக் கொண்டுவருகிறார்கள். மறைப்புத் திறனை ஆலைகள் அளந்துதான் வைத்திருக்கின்றன. ஆனால் கட்டின் உறையில் பூவுக்கும் பறவைக்கும் இடம் இருக்கிறது, அந்த ஒரு எண்ணுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை! நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்: கறுப்பாக அச்சான ஒரு பக்கத்தின் மேல் புதுத் தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து மங்கலாக நிழலாடினால் பரவாயில்லை, வாசிக்க முடிந்தால் அந்தத் தாள் வேண்டாம்.

உறையில் போட்டிருக்கும் ஜிஎஸ்எம்மையும் அப்படியே நம்பாதீர்கள். 80 என்று சொல்லி 75-ஐத் தள்ளிவிடுவது, 500 தாள் கட்டில் சில தாள்களைக் குறைப்பது எல்லாம் நடக்கிறது. பிடிப்பதற்குச் சமையலறைத் தராசு போதும். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆக 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 20 தாளை எண்ணி வைத்தால் 100 கிராம் வர வேண்டும். ஓரிரு கிராம் முன்பின் இருக்கலாம். 94 காட்டினால் அது 75 ஜிஎஸ்எம். 500 தாள் கட்டு, உறையை விட்டுவிட்டு, சுமார் இரண்டரைக் கிலோ இருக்கும். 20 தாள் சரியாக இருந்து கட்டின் எடை குறைந்தால் எண்ணிக்கையில் கை வைத்திருக்கிறார்கள்.

இனி, பேப்பர் சிக்குவது. மெஷின் பார்க்க வருபவர் பேப்பரைக் குறை சொல்வார், பேப்பர் விற்பவர் மெஷினைக் குறை சொல்வார். இரண்டு பேரும் கேட்காத கேள்வி, பிரித்த கட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பது. ஈரம் ஏறிய தாள் முதல் பக்கம் அச்சாகும்போதே சூட்டில் வளைந்துவிடும். இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பி உள்ளே போகும்போது மாட்டிக்கொள்ளும். மீதித் தாளை அதே உறையில் மடித்து மூடி, தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். டிரேயில் குறித்திருக்கும் அளவுக் கோட்டுக்கு மேல் அடைக்காதீர்கள். அப்படியும் வளைந்தால் டிரேயில் உள்ள தாளைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். சில உறைகளில் முதலில் அச்சடிக்க வேண்டிய பக்கத்தைக் காட்டும் அம்புக்குறிகூட இருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

100 ஜிஎஸ்எம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: லெட்டர்ஹெட். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அச்சகத்தில் ஆர்டர் கொடுக்கும்போதே "இது லேசர் பிரிண்டரில் போகும்" என்று சொல்லிவிடுங்கள். சாதாரண மை சூட்டில் இளகி உருளையில் ஒட்டி, அடுத்த பக்கங்களில் உங்கள் முத்திரையின் பேய் உருவம் விழும். எழுத்து புடைத்து நிற்கும் அச்சு பார்க்க கௌரவமாகத்தான் இருக்கும். அந்தப் புடைப்பே பிசினைச் சூட்டில் உருக்கி உண்டாக்கியது, மறுபடி சூடு பட்டால் மறுபடி உருகும். அதைத் தொடவே வேண்டாம். மை முழுமையாக உலர்ந்த பிறகுதான் வாங்க வேண்டும். அச்சடிக்கும்போது பிரிண்டர் அமைப்பில் தாள் வகையைத் தடித்த தாள் என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் டோனர் சரியாகப் பிடிக்காமல் நகத்தால் சுரண்டினாலே உதிரும். அப்புறம், எந்தப் பக்கம் மேலே என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். வெற்றுத் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு குறி போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்து, விடையை டிரேயிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.