தெர்மோஸ்டாட்டை மாற்றியும் சூடேறும் பழைய லாரி

நின்ற இடத்தில் ஓடும்போது அளவாக இருக்கும் வெப்பமுள், வேகமெடுத்த பத்தாவது நிமிடத்தில் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது என்றும், சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மெதுவாகச் செல்லும்போது மட்டும் சூடேறினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். வேகத்தில் காற்று தானாகவே கிடைத்துவிடுவதால், உங்கள் வண்டியில் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில்தான் தடை இருக்கும்.

புதியது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டை நம்பிவிடாதீர்கள். அதைக் கழற்றி, பாத்திரத்தின் அடியில் படாதபடி நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடாக்குங்கள்: 82 டிகிரி செல்சியஸ் என்று பொறித்திருந்தால், அந்த அளவையொட்டித் திறக்கத் தொடங்கி, ஏறத்தாழ 95-க்குள் முழுமையாகத் திறந்துவிட வேண்டும். மெழுகு அடைத்த குமிழ் எஞ்சின் பக்கம் பார்த்து இருந்ததா என்பதையும் கவனியுங்கள். அதைத் தலைகீழாக மாட்டுவது அனுபவசாலிகளுக்கும் நேர்கிற பிழைதான், எனக்கும் நேர்ந்திருக்கிறது.

அது சரியாக இருந்தால், ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, விசிறியிலிருந்து விலகி நின்று ரேடியேட்டரின் கீழ்க்குழாயைப் பாருங்கள். பம்பின் உறிஞ்சலில் அது சப்பிப்போனால், குழாய் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளிருந்த சுருள்கம்பி துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டரே அடைத்திருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் முகப்பை அளந்தால், அடைத்த குழல்கள் குளிர்ந்த திட்டுகளாகக் காட்டிக்கொடுக்கும். அதே கருவியால் தெர்மோஸ்டாட் கூட்டையும் அளந்து, பழைய முள் பொய் சொல்லவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட் இல்லாமலேயே ஓட்டலாம் என்ற யோசனையை ஏற்க வேண்டாம். எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் ஓடித் தேய்வு கூடுமே தவிர, அடைப்பு அப்படியே இருக்கும். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் எஞ்சின் இவ்வாறே சூடேறும் என்பதால், ரேடியேட்டரை இறக்குவதற்கு முன் அதையும் சரிபார்த்துவிடுங்கள்.