ஸ்கேற் சப்பாத்தைப் பெரிசா வாங்காதேங்கோ, தங்கச்சி

தங்கச்சி, நீங்கள் கேட்டு எழுதினதை இரவு படிச்சனான். மார்கழிக் கடைசியில பருத்தித்துறையில இருந்து குடும்பமா கனடாவுக்கு, ரொறன்ரோவில இருக்கிற ஸ்காபரோவுக்குப் போறியள். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்குப் பன்ரண்டு. அங்க பிள்ளையள் எல்லாம் ஐஸ் ஹொக்கி, நீச்சல் எண்டு ஓடித் திரியினமாம், போன உடனேயே சேர்த்துவிடலாமோ, இல்லாட்டி முதல் வருசம் படிப்பை மட்டும் பாக்கட்டோ எண்டு கேட்டிருக்கிறியள். அதோட வாடகை, குளிர் உடுப்பு, கார் எண்டும் கேள்வி நீளுது.

வாடகையும் வேலையும் உங்கட அண்ணர் அங்க இருக்கிறார்தானே, அவரிட்டைக் கேளுங்கோ. குளிர் உடுப்பைக் கொழும்பில வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். அண்ணர் விமான நிலையத்துக்கு நாலு ஜக்கெற் கொண்டு வந்தால் காணும், மிச்சம் அங்க வாங்கலாம். கார் எடுத்தால் குளிர்கால ரயர் போடுங்கோ. கியூபெக் மாகாணம் மாதிரி, ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில அது சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கோ. மற்றதுகளை விடுங்கோ. பிள்ளையளின்ர விளையாட்டைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் என்னை நித்திரை கொள்ள விடேல்லை.

நான் இப்ப கோண்டாவிலில அம்மாவின்ர வீட்டு விறாந்தையில இருந்துதான் எழுதுறன். மாரி மழைக்குக் கிணறு முட்டி நிக்குது. விடியக் காலமை நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பினனான். பெடியள் திருவெம்பாவை பாடிக்கொண்டு ஒழுங்கையால போறாங்கள். அந்த நேரம் ரொறன்ரோவில முதல்நாள் பின்னேரம் ஐஞ்சரை. மகன் வாட்ஸப்பில எடுத்தான். இந்த முறை எல்லாருமா வாறதெண்டுதான் இருந்தது. பேரனுக்கு நத்தாருக்கும் புது வருசத்துக்கும் இடையில ஹொக்கி ரூர்ணமென்ற். பேத்திக்குத் தை முதல் கிழமை நீச்சல் போட்டி. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில நத்தார் அண்டைக்கு வேலை. கடைசியில நானும் மகளும் மட்டும்தான் வந்தம். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. "பனிக்கட்டியில பந்தடிக்கிறதுக்காகவோ என்ர பூட்டப்பிள்ளை வரேல்லை" எண்டு மூண்டு தரம் கேட்டுட்டா. எனக்கும் மனவருத்தம்தான். ஆனால் மகனைக் கோவிக்க எனக்கு வாய் வரேல்லை. அவன் சின்னனில விளையாடேக்க நான் பக்கத்தில நிண்டதில்லை. அவன் தன்ர பிள்ளைக்குப் பக்கத்தில நிக்கிறான்.

நான் 1990 வைகாசியில யாழ்தேவியில கொழும்புக்குப் போனனான். அடுத்த மாதமே அந்த ரயில் நிண்டுபோச்சு. பேந்து அது யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஐப்பசியில. கொழும்பில லொட்ஜில ஒண்டரை வருசம் காத்திருந்து, 1991 மார்கழியில மூண்டு வயதுப் பெடியனையும் கொண்டு ரொறன்ரோவில இறங்கினன். என்ர மனுசன், இவர், மகன் பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிச்ச கையோட வெளிக்கிட்டவர், ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில மகன் தகப்பனை "மாமா" எண்டு கூப்பிட்டவன். இவர் ஒண்டும் பேசாமல் தன்ர ஜக்கெற்றைக் கழட்டிப் பிள்ளையைச் சுத்தித் தூக்கிக்கொண்டு நடந்தவர். வெளியில வந்து முதல் மூச்சு எடுக்கேக்க மூக்குக்குள்ள மயிர் விறைக்கிறது எனக்குத் தெரிஞ்சது. அந்தக் குளிரை இன்னும் மறக்கேல்லை.

பேந்து என்ன, ஒரு பேஸ்மென்றில ரெண்டு குடும்பம். எனக்குப் பொதி கட்டுற பக்ரரியில பின்னேர வேலை, இவருக்கு ரெண்டு வேலை. மகனுக்கு ஒன்பது வயதில ஹொக்கிப் பைத்தியம் பிடிச்சது. "படிக்கிற பிள்ளைக்கு உது என்னத்துக்கு" எண்டு நான் மறிச்சனான். அவன் சாப்பிடாமல் இருந்தான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் குடும்பம்தான் தங்கட பெடியனோட இவனையும் ஏத்திக்கொண்டு போய்வந்தது. சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கும் பயிற்சி வைப்பினம், ஏனெண்டால் பிள்ளையள் கனக்க, ஐஸ் தளங்கள் குறைவு. நான் இரவு வேலை முடிஞ்சு வந்து படுத்திருப்பன். அவன் சத்தமில்லாமல் எழும்பி, தானே பாணில பட்டர் பூசித் திண்டுட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில நிப்பான்.

அவனுக்கு முதல் வாங்கிக் குடுத்த ஸ்கேற்றை நினைச்சால் இண்டைக்கும் நெஞ்சு நோகும். இஞ்ச தை மாதம் பள்ளிக்கூடம் துவங்க முன்னம் நாங்கள் என்ன செய்வம்? வளருற பிள்ளை எண்டு ஒரு அளவு கூட்டிச் சப்பாத்து வாங்கி, முன்னுக்குப் பஞ்சு அடைச்சுவிடுவம். நானும் அப்பிடித்தான் ரெண்டு அளவு பெரிசா வாங்கினனான், மூண்டு வருசம் போடட்டும் எண்டு. ஸ்கேற் அப்பிடி இல்லை, தங்கச்சி. கால் உள்ளுக்குள்ள ஆடினால் கணுக்கால் சரியும், பிள்ளையால நிக்கவே ஏலாது. ஹொக்கி ஸ்கேற் வழமையாப் போடுற சப்பாத்தின்ர அளவிலும் ஒண்டு, ஒண்டரை குறைவாத்தான் வரும். கடையில புதுசா வாங்கினாலும் அடியில இருக்கிற கத்தியைத் தீட்டித்தான் போடவேணும், தீட்டாமல் போட்டால் சறுக்கி விழுவினம். இது ஒண்டும் எனக்கு அப்ப தெரியாது. ஒரு குளிர்காலம் முழுக்க என்ர பிள்ளை விழுந்து விழுந்து எழும்பினான். தனக்கு விளையாட வராது எண்டு நினைச்சு இரவில அழுதிருக்கிறான். அதை இருபது வருசம் கழிச்சுத்தான் எனக்குச் சொன்னவன்.

1999 தை மாதம் ரொறன்ரோவில கொட்டின பனிக்கு மேயர் மெல் லாஸ்ற்மன் பட்டாளத்தைக் கூப்பிட்டவர். ரீவியில பச்சை உடுப்போட ஆமிக்காரர் சவளால பனி அள்ளினதைக் கண்ட உடனே நான் யன்னல் சீலையை இழுத்து மூடினன். கை நடுங்கினது. மகன் என்னைப் பாத்து, "அம்மா, அவையள் உதவி செய்ய வந்தவை" எண்டான். அவன் எங்களை விட்டு எவ்வளவு தூரம் போயிட்டான் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

அந்த வருசம் நத்தார் விடுமுறையிலதான் அது நடந்தது. விளையாட்டில ஒருத்தன் தள்ளி, இவன்ர தலை பலகைச் சுவரில அடிபட்டிருக்கு. கோச் கொஞ்ச நேரம் இருத்திப்போட்டுத் திரும்ப விளையாட விட்டிட்டார். நான் வேலையில, இவரும் வேலையில. பின்னேரம் வந்து பாத்தால் பிள்ளை லைற் போட விடாமல் படுத்திருக்கிறான். சோறு குடுத்தன், சத்தி எடுத்தான். நான் வயித்துக் கோளாறு எண்டு நினைச்சு மல்லித் தண்ணி அவிச்சுக் குடுத்தனான். ராத்திரி பத்து மணிக்கு இவர் வந்து, "தம்பி, என்ன கிழமை இண்டைக்கு" எண்டு கேட்டார். அவனுக்குச் சொல்லத் தெரியேல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினம். கடவுள் காப்பாத்தினார், கிழமைக்கணக்கா வீட்டில ஆறப்போட்டுச் சுகமாச்சு. தலை அடிபட்டதை ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன். "சொன்னால் நீங்கள் விளையாட விடமாட்டியள்" எண்டான். பிள்ளை பொய் சொல்லுற மாதிரி வைச்சிருந்தது நான்தான்.

ஆனபடியால் உங்களுக்குச் சொல்லுற முதல் எச்சரிக்கை இதுதான். ஹொக்கி எண்டில்லை, கூடைப்பந்தோ உதைபந்தோ, தலையில அடிபட்டு மூளை அதிர்ந்தால் அண்டைக்கு அந்தப் பிள்ளை திரும்ப இறங்கக்கூடாது. ஒட்டாவாவில றோவன் ஸ்ரிங்கர் எண்ட பதினேழு வயதுப் பிள்ளை, 2013இல ரக்பி விளையாடேக்க ஒரு கிழமைக்குள்ள திரும்பத் திரும்பத் தலையில அடிபட்டுச் செத்துப்போனா. 2018இல அவவின்ர பேரிலேயே ஒன்ராறியோ சட்டம் கொண்டு வந்தது. சந்தேகம் எண்டாலே வெளியில எடுக்கவேணும், வைத்தியர் பாத்துச் சரி எண்ட பிறகுதான் திரும்ப விளையாடலாம். பதிவு செய்யேக்க அதைப்பற்றின தாள் ஒண்டைப் படிச்சு ஒவ்வொரு வருசமும் உறுதி சொல்லச் சொல்லுவினம். எங்கட ஆக்கள் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகினம். அது எனக்குப் பொறுக்காது. இருந்து படியுங்கோ, பிள்ளையளுக்கும் தமிழில விளங்கப்படுத்துங்கோ. ஹெல்மற் மட்டும் பழசு வாங்கவேண்டாம். கழுத்துக் காப்பு இல்லாமல் அங்க சின்னப் பிள்ளையளை ஹொக்கி விளையாட விடமாட்டினம். மற்றச் சாமானெல்லாம் பழசு போதும்.

நீங்கள் போற நேரம் ஹொக்கிப் பருவம் பாதி முடிஞ்சிருக்கும். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சாதாரணக் கழகங்கள் ஐப்பசி மட்டில துவங்கிப் பங்குனியோட முடியும். அதால இந்தக் குளிருக்கு மகனை ஹொக்கியில சேர்க்கிற யோசனையை விடுங்கோ. ஸ்கேற்றிங் பழக்குங்கோ, அது காணும். ஸ்காபரோ சிவிக் சென்ரருக்கு முன்னால அல்பேட் கம்பல் சதுக்கத்தில நகரசபையின்ர வெளி ஐஸ் தளம் இருக்கு, காசு இல்லை. குளம் உறைஞ்சு கிடக்குது எண்டு அதுக்கு மேல மட்டும் இறங்க விடாதேங்கோ. பருத்தித்துறைக் கடலில வளந்த பிள்ளையளுக்குத் தண்ணிப் பயம் இராது, ஆனால் ஐஸ் வெடிச்சால் ஆருக்கும் நீந்த நேரமில்லை.

நகரசபை வகுப்புகளுக்கு வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு "வெல்கம் பொலிசி" எண்டு ஒரு சலுகை இருக்கு. அதுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவேணும். போன உடனே உந்த வேலையைப் பாருங்கோ. நீச்சல் வகுப்புப் பதிவு துவங்கி நிமிசக் கணக்கில முடிஞ்சிரும். குளிர்காலப் பதிவு மார்கழித் துவக்கத்திலேயே போயிரும், உங்களுக்கு வசந்த காலம்தான். ஹொக்கிச் சாமானுக்குக் காசு காணாட்டி ஜம்ப்ஸ்ரார்ட் எண்ட அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். வெக்கப்படவேண்டாம். எங்கட ஆக்கள் கொஞ்சப்பேர் உதவி கேக்கிறது மரியாதைக் குறைவு எண்டு நினைச்சுக் கடன் அட்டையில சாமான் வாங்குகினம்.

மகள் வலைப்பந்தாட்டம் விளையாடுறவ எண்டு எழுதியிருக்கிறியள். அங்க அதைக் காணுறது அரிது. கூடைப்பந்துக்குப் போகச் சொல்லுங்கோ, பாடசாலை அணிக்குக் காசு பெரிசா வராது. வலைப்பந்தில பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஏலாதுதானே, அதுதான் முதல் ரெண்டு மாதம் கஷ்டமா இருக்கும். பாஸ் பண்ணுறதில மற்றப் பிள்ளையளை விட அவ கெட்டிக்காரியா இருப்பா. ரெண்டு பேரையும் நீச்சலுக்கு விடுங்கோ. நான் கடல் சுத்தின ஊரில பிறந்து, கீரிமலைக் கேணியில ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் முழுகினவள், இண்டைக்கும் நீந்தத் தெரியாது. என்ர மகள் பள்ளிக்கூடம் படிக்கேக்கயே நீச்சல் தடாகத்தில உயிர்காப்பாளரா வேலை செய்து தன்ர செலவைத் தானே பாத்தவ. இப்ப சனி ஞாயிறில எங்கட தாய்மாருக்கு நீச்சல் பழக்குறா. அறுபது வயதுப் பொம்பிளையள் முழங்காலளவு தண்ணியில நிண்டு அழுகினமாம், பேந்து சிரிக்கினமாம். எனக்கு அதைக் கேக்கப் பெருமையாக் கிடக்கும்.

அங்க ரெண்டு வகையான எங்கட ஆக்களைச் சந்திப்பியள். ஒரு வகை, சனிக்கிழமை முழுக்க ரியூசன், பியானோ, பேந்து திரும்ப ரியூசன் எண்டு பிள்ளையை அடைச்சு வைப்பினம், விளையாட்டு வெள்ளைக்காரருக்கு எண்டுவினம். நானும் முந்தி அப்பிடித்தான் இருந்தனான், அதால அவையளில எனக்கு இரக்கம்தான். மற்ற வகையிலதான் எனக்குக் கோவம். பிள்ளை என்ன மட்டம் எண்டு பாக்காமல், ஆயிரக்கணக்கில காசைக் கொட்டி மேல்மட்ட அணியில தள்ளிப்போட்டு, சாமத்தியவீட்டிலயும் கலியாணவீட்டிலயும் அதையே கதைப்பினம். அரீனாவில நிண்டு பிள்ளையைத் தமிழில பேசுவினம், மற்றவைக்கு விளங்காது எண்டு நினைச்சு. பிள்ளைக்கு விளங்குதுதானே! தோத்துப்போய்க் காருக்குள்ள ஏறுற பிள்ளைக்குச் சூடாத் தேத்தண்ணி குடுங்கோ, விளையாட்டைப் பற்றி ஒண்டும் கேக்காதேங்கோ.

நீங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மகன்ர பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பியள். வெய்யிலுக்குக் குடையைப் பிடிச்சுக்கொண்டு கயித்துக்கு வெளியில நிண்டு, எங்கட இல்லம், எங்கட இல்லம் எண்டு கத்தியிருப்பியள். அங்க போனால் வேலை, வாடகை, குளிர் எல்லாம் சேர்ந்து உங்களை அந்தக் கயித்தடியில இருந்து இழுத்துக்கொண்டு போயிரும். ஒரு சனிக்கிழமை வேலை நேரம் குறைஞ்சால் குறையட்டும், போய் நில்லுங்கோ. நான் என்ர மகன் விளையாடினதை அவன் பதினாறு வயசாகும்வரை ரெண்டே தரம்தான் பாத்தனான். ரெண்டாம் தரம் அவன் என்னைக் கண்டிட்டு, விளையாட்டை விட்டிட்டுக் கண்ணாடிக்குக் கிட்ட வந்து கையுறையால தட்டினவன். எதிர் அணிப் பெடியன் பக் எண்ட றப்பர் வட்டைத் தட்டிக்கொண்டு போயிட்டான். கோச் பேசினார். அவன் சிரிச்சுக்கொண்டு நிண்டான்.

நான் பொங்கல் முடிஞ்சுதான் திரும்புவன். எங்கட பேஸ்மென்றில பேரன் வளந்து விட்ட ஸ்கேற் நாலு சோடி, பெட்டியில கிடக்கு, எல்லாம் கத்தி தீட்டினது. மகனைக் கடுதாசியில ஏறி நிக்கச் சொல்லி, ரெண்டு காலையும் சுத்திப் பென்சிலால கீறி, அதைப் படம் எடுத்து அனுப்புங்கோ. காலுறை போட்டுக்கொண்டு நிக்கச் சொல்லுங்கோ, மெல்லிசுக் காலுறை. என்ர மகன் உங்கட அண்ணர் வீட்டில கொண்டு வந்து தருவான்.